கருவிகளா, காட்சிப்பொருள்களா? – நிற ஒதுக்கலுக்கெதிரான போராட்டத்திற் சிறுவர்

வரலாறு வளர்ந்தோரால் வளர்ந்தோரைப் பற்றியே எழுதப்படுகின்றது என்பது புதிய குற்றச்சாட்டன்று. ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மாநிலங்களிலும் தென்னாபிரிக்காவிலும் நிற ஒதுக்கலுக்கெதிராக நடைபெற்ற போராட்டங்களைப் பற்றிப் பேசப்படுவனவற்றை நோக்குமிடத்து, அக்குற்றச்சாட்டு அங்கே பெரிதும் பொருந்துவதைக் காணலாம். அப்போராட்டங்களின் திருப்புமுனைகள் பலவற்றிற் பாடசாலைச் சிறுவரே முன்னின்றனர். இதனை எவரும் மறுப்பதில்லை. ஆனால், அவர்தம் பங்கு இருவகைக் கூற்றுகளுள் அடக்கப்பட்டுவிடுகின்றது. போராட்டத் தலைவர்கள் சிறுவரைத் தம் கருவிகளாகப் பயன்படுத்தினர் என்பது ஒன்று. களங்கமறியாப் பிள்ளைகளின் கண்ணீரும் குருதியும் உலகின் மனச்சாட்சியைத் தொட்டன என்பது மற்றொன்று. முன்னது கண்டனம், பின்னது புகழுரை. ஆயினும் இரண்டும் ஒரே எண்ணத்தின் விளைவுகளாம். சிறுவருக்கென அரசியல் அறிவும் தீர்மானமும் இருத்தல் இயலாது என்பதே அவ்வெண்ணம். அது பிழையானதென நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். சிறுவர் போராட்டக் களத்துக்கு அழைத்து வரப்பட்டவர்கள் என்று கொள்வோர், அவர்கள் அதற்கு முன்னர் வேறெங்கோ அமைதியான ஓரிடத்தில் இருந்தனர் என எண்ணிக்கொள்கின்றனர். அத்தகைய இடம் எதுவும் இருக்கவில்லை. நிற ஒதுக்கல் என்னும் அமைப்பு வகுப்பறையிலேயே தன் அத்திவாரத்தை இட்டிருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் வழங்கிய தீர்ப்பொன்று, வசதிகள் சமமாக இருப்பின் இனங்களைப் பிரித்து வைத்தல் சட்டத்துக்கு முரணன்று எனக் கூறியது. பிரித்தல் நடைபெற்றது, சமம் வரவேயில்லை. தென்னாபிரிக்காவில் 1953ஆம் ஆண்டின் பாண்டு கல்விச் சட்டம் இன்னும் வெளிப்படையானது. கறுப்பினப் பிள்ளையை உடலுழைப்புக்கும் ஏவற்றொழிலுக்கும் தயாரிப்பதே அக்கல்வியின் இலக்கென்பதை அதனை வகுத்தோர் மறைக்கவில்லை. 1970களின் நடுப்பகுதியில் வெள்ளையினப் பிள்ளையொன்றின் கல்விக்கு ஆண்டொன்றுக்கு 644 ராண்டைச் செலவிட்ட அரசு, கறுப்பினப் பிள்ளையொன்றுக்கு 42 ராண்டையே செலவிட்டது. ஆகவே, சிறுவரைக் கருவிகளாக்கியவர் யார் என்ற வினாவுக்கு முதல் விடை இங்கேயே கிடைத்துவிடுகின்றது. ஒரு தலைமுறையின் அடிமைத்தனத்தை அடுத்த தலைமுறைக்குக் கடத்தும் கருவியாகப் பிள்ளையின் மூளையை ஆக்க முயன்றது அந்த ஆட்சியமைப்பேயாகும்.

இனி, நிகழ்ச்சிகளை நோக்குவோம். வேர்ஜீனியா மாநிலத்தின் பாம்வில் என்னும் சிற்றூரில் கறுப்பின மாணவருக்கென மோட்டன் உயர்நிலைப் பாடசாலை இருந்தது. 180 பேருக்கெனக் கட்டப்பட்ட அக்கட்டடத்தில் 1951ஆம் ஆண்டளவில் 450 பேர் வரையிற் கற்றனர். இடநெருக்கடியைத் தீர்ப்பதற்கென அதிகாரிகள் அமைத்துக் கொடுத்தவை தார்க்காகிதம் போர்த்த கொட்டில்களே. பெற்றோர் கல்விச் சபைக்கு விண்ணப்பித்துச் சலித்திருந்தனர். அவ்வேளையிலேதான் பார்பரா ஜோன்ஸ் என்னும் 16 வயது மாணவி தன் தோழர் சிலரோடு இரகசியமாகத் திட்டமிட்டார். ஏப்பிரல் 23ஆம் நாள் பாடசாலை அதிபரைப் பொய்யானதொரு தொலைபேசிச் செய்தியால் வெளியே அனுப்பிவிட்டு, மாணவரை மண்டபத்திற் கூட்டி, ஆசிரியர்களை வெளியேறுமாறு கேட்டு, வேலைநிறுத்தத்தை அறிவித்தார். பாடசாலை முழுவதும் வெளிநடப்புச் செய்தது.

இந்நிகழ்ச்சியில் யார் யாரைப் பயன்படுத்தினர்? வளர்ந்தோர் இதனை முன்கூட்டி அறிந்திருக்கவே இல்லை. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தின் சட்டத்தரணிகளை ஊருக்கு வரவழைத்தவர்களும் மாணவரே. வந்தவர்கள், சிறந்த கட்டடம் வேண்டுமென்ற கோரிக்கைக்காகத் தாம் வழக்காட இயலாதென்றும், பிரித்து வைத்தலையே எதிர்ப்பதாயின் வழக்காடுவோமென்றும் கூறினர். மாணவர் அதனை ஏற்றனர். புதிய கூரை கேட்டுப் புறப்பட்ட பிள்ளைகள், ஓர் அரசியலமைப்புப் பிரச்சினையை எழுப்பத் துணிந்தமை சாதாரணமானதன்று. அவ்வழக்கு, பிரவுண் வழக்கு எனப் புகழ்பெற்று 1954 மே 17இல் தீர்க்கப்பட்ட வழக்கினுள் ஒன்றிணைக்கப்பட்ட ஐந்து வழக்குகளில் ஒன்றாயிற்று. அவ்வைந்தில் மாணவரின் வேலைநிறுத்தத்திலிருந்து பிறந்தது அதுவொன்றே. பாடசாலைகளில் இனவாரியாகப் பிரித்தல் சட்டவிரோதமென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அத்தீர்ப்பின் வேர்களுள் ஒன்று பாம்வில் மண்டபத்து மேடையிலே கிடந்தது.

தீர்ப்புக்குப் பின் நிகழ்ந்ததையும் கூறுதல் வேண்டும். பாடசாலைகளை இணைப்பதினும் அவற்றை மூடிவிடுதலே மேலென அவ்வூர் அடங்கிய பிரின்ஸ் எட்வேட் மாவட்ட ஆட்சியாளர் 1959இல் முடிவு செய்தனர். வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனியார் பாடசாலை கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஐந்தாண்டுகள், 1964 வரை, ஊரில் அரசாங்கப் பாடசாலை என்பதே இல்லாதிருந்தது. உறவினரிடம் வெளியூர் சென்று கற்றோர் சிலர். கல்வியையே இழந்தோர் பலர். சிறுவரைப் போராட்டத்திற் சிக்கவைத்தல் தகாதென நீதி பேசுவோர், எவ்வித ஊர்வலமும் செல்லாத ஆறு வயதுப் பிள்ளையின் பாடசாலைக் கதவைப் பூட்டிய இக்கொடுமையைக் கண்டித்து எத்தனை பக்கங்கள் எழுதியுள்ளனர்?

சிறுவரின் பங்கு மறைக்கப்படுவதற்கு மொன்ற்கொமறி நகரம் தக்க சான்றாகும். அங்கே பேருந்திலே தன் ஆசனத்தை விட்டுக்கொடுக்க மறுத்து 1955 டிசெம்பர் 1ஆம் நாள் கைதான றோசா பாக்ஸ் அம்மையாரை உலகறியும். அவருக்கு ஒன்பது மாதங்கள் முன்னதாக, மார்ச் 2ஆம் நாள், அதே நகரில் அதே செயலைச் செய்து கைதானவர் குளோடெற் கொல்வின் என்னும் 15 வயது மாணவியாவார். பாடசாலையிற் கற்ற கறுப்பின மக்களின் வரலாறே தன்னை எழவிடாது இருத்தியதென அவர் பிற்காலத்தில் விளக்கியுள்ளார். இளம்பெண்ணொருத்தியை முன்னிறுத்திப் பெரும் போராட்டம் நடத்துதல் உசிதமன்று என ஊர்த்தலைவர்கள் அன்று எண்ணினர். ஆயினும், பேருந்துகளில் இனவாரியாகப் பிரித்தலை 1956இல் சட்டவிரோதமாக்கிய வழக்கின் வாதிகளில் ஒருவராக நின்றவர் அவரே. சிறுவரைத் தலைவர்கள் பயன்படுத்திக்கொண்டனர் என்பார், தலைவர்கள் ஒதுக்கிவைத்த இச்சிறுமி தானாகவே மீண்டும் நீதிமன்றில் வந்து நின்றமைக்கு என்ன விளக்கம் கூறுவர்?

எதிர்வாதம் செய்வோரின் வலிமையான கோட்டை பேர்மிங்ஹாம் நகரமாகும். அதனைத் தவிர்த்துச் செல்லுதல் நேர்மையாகாது. 1963 ஏப்பிரலில் மாட்டின் லூதர் கிங்கும் அவரது இயக்கத்தினரும் அந்நகரிலே தொடங்கிய போராட்டம் தளர்வுற்றிருந்தது. சிறை செல்ல முன்வந்த வளர்ந்தோர் சிலரே. அவர்களுக்குத் துணிவு இருக்கவில்லை என்று கூறுதல் நியாயமன்று. வெள்ளையரிடம் வேலை செய்து வாழ்ந்தோர், ஒருநாட் சிறையால் வேலையையும் வீட்டையும் இழக்கும் நிலையிலிருந்தனர். பொருளாதாரத் தளையே அவர்களைக் கட்டியிருந்தது. பிள்ளைகளுக்கு அத்தளை இல்லை என்பதை இயக்கத்தவரான ஜேம்ஸ் பெவல் கண்டார். கிங் தயங்கினார். ஆயினும் பாடசாலை மாணவருக்கு வன்முறையற்ற எதிர்ப்பிற் பயிற்சி அளிக்கப்பட்டது. மே 2ஆம் நாள் பதினாறாம் வீதித் தேவாலயத்திலிருந்து அணியணியாகப் புறப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். மறுநாள், பொலிசாருக்குப் பொறுப்பான ஆணையாளர் புல் கொனர், தீயணைப்புக் குழாய்களையும் நாய்களையும் அவர்கள் மீது ஏவினார். சிறைகள் நிரம்பின, கண்காட்சித் திடலும் சிறையாயிற்று. ஒரு வாரங் கடந்து மே 10ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. உணவருந்தும் மேடைகள், நீர்க்குழாய்கள், கழிப்பறைகள் ஆகியவற்றிற் பிரித்தலை நீக்கக் கடைக்காரர் இணங்கினர். அடுத்த ஆண்டு யூலை 2ஆம் நாள் குடியியல் உரிமைச் சட்டம் நிறைவேறியது.

இதனைக் கண்டித்தோர் பகைவர் மாத்திரமல்லர். சட்டமா அதிபராயிருந்த றொபேட் கென்னடி, பிள்ளைகளின் உயிரைப் பணயமாக்குதல் எவராலும் கொடுக்கவியலாத விலையென எச்சரித்தார். மல்கம் எக்ஸ், ஆண்மையுள்ளோர் தம் பிள்ளைகளை முன்னே அனுப்பாரென இகழ்ந்தார். இவை எளிதில் ஒதுக்கத்தக்க சொற்களல்ல. தலைவர்கள் கணக்கிட்டே செயற்பட்டனர் என்பதும் உண்மை. ஆயினும், கணக்கிட்டவர் அவர்கள் மாத்திரமே என்று கொள்வதிலேதான் பிழை நேர்கின்றது. அன்று சிறை சென்றோரில் மிக இளையவர்களுள் ஒருவரான ஓட்ரி பே ஹென்றிக்ஸ் என்னும் ஒன்பது வயதுச் சிறுமி, தான் செல்ல விரும்புவதைப் பெற்றோரிடம் கூறியே சென்றாள். ஒரு வாரத்தைச் சிறையிற் கழித்தாள். வாயில்களைப் பூட்டிய பாடசாலைகளிலிருந்து மதிலேறிக் குதித்து வந்தோரும் உளர். இழுத்து வரப்படுவோர் மதிலேறிக் குதிப்பதில்லை.

இன்னுமொன்று. போராட்டத்திலிருந்து விலக்கி வைத்திருப்பின் அப்பிள்ளைகள் பாதுகாப்பாக இருந்திருப்பர் என்பது இக்கண்டனத்தின் உள்ளுறை. 1963 செப்தெம்பர் 15ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை அதே தேவாலயத்தில் வெடித்த குண்டு நான்கு சிறுமியரைக் கொன்றது. மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. அவர்கள் கொல்லப்பட்டது ஊர்வலத்திலன்று; வழிபாட்டுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோதாகும். நிற ஒதுக்கலின் கீழ் வீட்டிலிருக்கும் பிள்ளைக்கும் வீதியிலிருக்கும் பிள்ளைக்கும் இடையே இருந்த வேறுபாடு, ஆபத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையிலான வேறுபாடன்று. எதிர்த்து நின்று ஆபத்தைச் சந்திப்பதா, அடங்கியிருந்து சந்திப்பதா என்பதே வேறுபாடாகும். அதைத் தெரிவு செய்யும் உரிமையையாவது அப்பிள்ளைகளுக்கு மறுக்காதிருத்தல் நன்று.

தென்னாபிரிக்காவை நோக்கின், தலைவர்கள் தூண்டினர் என்ற வாதம் முற்றாகவே தகர்ந்துவிடுகின்றது. 1976இல் அங்கே தலைவர்கள் சிறையிலோ நாட்டுக்கு வெளியிலோ இருந்தனர். கணிதத்தையும் சமூகக் கல்வியையும் ஆபிரிக்கான்ஸ் மொழியிற் கற்பிக்குமாறு 1974இல் பிறப்பிக்கப்பட்ட கட்டளை பாடசாலைகளிற் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டு வந்தது. அம்மொழியை ஆசிரியர்களே செவ்வனே அறிந்திருக்கவில்லை. 1976 மே 17ஆம் நாள் சொவெற்றோவின் ஒர்லாண்டோ மேற்குக் கனிஷ்ட பாடசாலைப் பிள்ளைகள் வகுப்புகளைப் பகிஷ்கரித்தனர். ஏனைய பாடசாலைகளும் தொடர்ந்தன. யூன் 13ஆம் நாள் மாணவர் கூடி நடவடிக்கைக் குழுவொன்றை அமைத்தனர். மூன்று நாள்களில் ஆயிரமாயிரம் மாணவரின் ஊர்வலம் புறப்பட்டது. காலையில் வேலைக்குச் சென்ற பெற்றோரிற் பெரும்பாலோர் மாலையிலேயே செய்தி அறிந்தனர்.

மொழியுரிமை பற்றிய உணர்வு மிக்க நம்மவரிற் சிலர், இதனைத் தாய்மொழிக் கல்விக்கான போராட்டமென விளங்கிக்கொள்கின்றனர். அது பொருந்தாது. அம்மாணவர் சூலு மொழியையோ சோத்தோ மொழியையோ போதனா மொழியாகக் கேட்கவில்லை. கறுப்பின மக்களைக் குலங்குலமாகப் பிரித்துவைக்கும் சூழ்ச்சிக்குத் தாய்மொழிக் கல்வியை அரசே பயன்படுத்தி வந்தது. அவர்கள் எதிர்த்தது ஆளுவோரின் மொழி திணிக்கப்படுவதையும், அதற்குப் பின்னிருந்த கல்வியமைப்பு முழுவதையுமாகும். வெறும் மொழியுணர்ச்சியாலன்றி ஆட்சியின் இயல்பை அறிந்தமையாலேயே அவர்கள் எழுந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பொலிசார் சுட்டனர். 15 வயதினனான ஹேஸ்ரிங்ஸ் இண்ட்லோவுவும் 12 வயதினனான ஹெக்ரர் பீற்றர்சனும் முதலில் வீழ்ந்தோருள் அடங்குவர். எழுச்சி நாடெங்கும் பரவியது. 1977 பெப்ரவரி இறுதி வரையில் 575 பேர் மாண்டனரென அரசு நியமித்த விசாரணை ஆணைக்குழுவே கணக்கிட்டது. யூலை மாதத்திலேயே அரசு மொழிக் கட்டளையைக் கைவிட நேர்ந்தது. 1960களில் ஒடுக்கப்பட்டு அடங்கியிருந்த எதிர்ப்பியக்கம் அதன் பின்னர் ஒருபோதும் முற்றாக அடங்கவில்லை. 1994இல் அந்த ஆட்சியமைப்பு ஒழிந்தது.

இரண்டாவது கூற்றாகிய புகழுரைக்கு வருவோம். சுடப்பட்ட ஹெக்ரரை வேறோர் இளைஞன் ஏந்திச் செல்ல, அவன் தமக்கை அலறியபடி உடன் ஓடும் நிழற்படத்தை சாம் நிசிமா எடுத்தார். உலகமே அதனைக் கண்டது. 1960 நவம்பர் 14ஆம் நாள் நியூ ஓர்லியன்ஸ் நகரில் அரச காவலர் சூழத் தனியளாய்ப் பாடசாலை சென்ற ஆறு வயது றூபி பிறிஜெஸை, நோமன் றொக்வெல் ஓவியமாக வரைந்தார். இவற்றின் ஆற்றலை யாரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் படத்திலுள்ள பிள்ளை பேசுவதில்லை. அது வீழ்ந்து கிடக்கின்றது, அல்லது வாய்திறவாது நடக்கின்றது. பார்ப்பவர் இரங்குகின்றார், இரங்கிய அளவிலே தம் கடமை முடிந்ததென மகிழ்கின்றார். ஹெக்ரரின் படம் எல்லோர் நினைவிலும் நிற்க, யூன் 13ஆம் நாட் கூட்டத்திற் பிள்ளைகள் என்ன விவாதித்தனர், எப்பாடசாலை எவ்வழியாக வருவதெனத் திட்டமிட்டோர் யாவர் என்று கேட்போர் அருகியே காணப்படுகின்றனர். பலியான பிள்ளையை நாம் எளிதில் நேசித்துவிடுகின்றோம். கூட்டம் கூட்டிய, துண்டுப்பிரசுரம் எழுதிய, அதிபரை ஏமாற்றிய, வாதாடிய பிள்ளையை நேசிப்பது கடினமாயிருக்கின்றது. அப்பிள்ளை நம் அதிகாரத்தையும் கேள்விக்குள்ளாக்கும் என்னும் அச்சமே அதற்குக் காரணமாகும்.

இவ்விடத்தில் நம் நாட்டு வாசகர் மனத்தில் எழக்கூடிய ஐயமொன்று உண்டு. போர்க்காலத்திற் பிள்ளைகள் பெற்றோரின் கைகளிலிருந்து பறிக்கப்பட்டு ஆயுதமேந்தச் செய்யப்பட்டதை அறிந்த சமூகம் நம்முடையது. சிறுவரும் அரசியலின் பங்காளர் என்னும் வாதம் அக்கொடுமைக்கும் நியாயம் கற்பித்துவிடாதா என அவர் வினவுதல் இயல்பே. கற்பிக்காது, மாறாக, அதனைக் கண்டிப்பதற்கான வலுவான அடிப்படை இவ்வாதத்திலேதான் உண்டு. பார்பரா ஜோன்ஸ் எவராலும் பெயர் பதியப்பட்டவரல்லர். பேர்மிங்ஹாம் பிள்ளை அன்று காலை வீட்டிலிருக்க விரும்பியிருப்பின், அவளைத் தேடி எவரும் வந்திருக்கமாட்டார். அவர்களது கையிற் கொல்லும் கருவி எதுவும் தரப்படவில்லை. சிறுவருக்குச் சொந்தத் தீர்மானம் உண்டென ஒப்புக்கொள்பவனே, அத்தீர்மானம் பறிக்கப்பட்டபோது இழைக்கப்பட்ட குற்றத்தின் முழு அளவையும் காண்பான். பிள்ளை என்பது வளர்ந்தோர் விரும்பியவாறு கையாளத்தக்க பொருள் எனக் கொள்பவனோ, அதனைப் பாதுகாக்கவும் பறிக்கவும் ஒரே நியாயத்தையே கைக்கொள்கின்றான்.

இதனால், பிள்ளைகள் வீதிக்கு வருதல் கொண்டாடத்தக்கது என்று கொள்ளலாகாது. 12 வயதுப் பிள்ளை துப்பாக்கிக்கு முன்னே நிற்க நேர்ந்தமை ஒரு சமூகத்தின் பெருமையன்று. வளர்ந்தோர் தீர்க்காது விட்ட கடனைப் பிள்ளைகள் தீர்க்க நேர்ந்த அவலமாகும். ஆயினும் கடனைத் தீர்த்தவரின் பெயரைக் கணக்கிலிருந்து நீக்குதல், கடன்பட்டவருக்கு அழகன்று. அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டடத்தில் வேர்ஜீனியாவின் சார்பாக நின்ற, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தளபதி லீயின் சிலை 2020 டிசெம்பரில் அகற்றப்பட்டது. அவ்விடத்துக்கு அம்மாநிலம் தெரிந்தெடுத்தது பார்பரா ஜோன்ஸை. தெரிவு வருவதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் சென்றன. 1991இல் காலமான அவர் அதனைக் காணவில்லை.

சிலைகள் வைக்கப்படுதல் நன்றே. ஆனால் கல்வியுலகின் கடமை அதனோடு முடிவதன்று. சமூக வரலாறு கற்போரும் கற்பிப்போரும் ஒவ்வொரு போராட்டத்தையும் ஆராயும்பொழுது, அதிற் பிள்ளைகள் பட்ட துன்பத்தை மாத்திரமன்றி அவர்கள் எண்ணியதையும் திட்டமிட்டதையும் தேடி எழுதுதல் வேண்டும். பிள்ளைகளின் கூட்டக் குறிப்புகள், சுலோக அட்டைகள், பிற்கால வாக்குமூலங்கள் ஆகியன அரசாங்க அறிக்கைகளுக்கு ஒப்பான ஆதாரங்களாக மதிக்கப்படல் வேண்டும். அவ்வாறு எழுதப்படும் நாள் வரை, அப்பிள்ளைகள் உடைத்தெறிந்த பிரிவினைச் சுவரினும் பழையதான ஒரு சுவர், வளர்ந்தோரையே வரலாற்றின் மக்களாகவும் பிள்ளைகளை அதன் பார்வையாளராகவும் பிரித்து வைத்துள்ள சுவர், நம் நூல்களுள் இடிபடாமலே நிற்கும்.